வட்டம் கலைந்த படர்தாமரை

போடிநாயக்கனூரில் ஒருவர் 'மருந்து' என்றால், எந்த மருந்து என்று திருப்பிக் கேட்கவேண்டும். மலைக்குப் போய் வந்தவர் "இன்னைக்கு மருந்தடி" என்றால் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள். அவரே இரவில் மெடிக்கல் வாசலில் நின்று "அண்ணே, அரிப்புக்கு ஒரு மருந்து குடுங்க" என்றால் கைக்கு வருவது ஒரு சின்ன ட்யூப். முதல் மருந்துக்கு அளவு உண்டு, இடைவெளி உண்டு, எந்தப் பூச்சிக்கு எது என்ற பேச்சு உண்டு. இரண்டாவதற்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. தடவினால் கேட்கிறது, அவ்வளவுதான்.

அந்த 'கேட்கிறது' என்ற சொல்லில்தான் இந்தக் கட்டுரையின் சிக்கல் இருக்கிறது. படர்தாமரை, கரப்பான், சொறி, பூச்சிமருந்து பட்ட ஒவ்வாமை ஆகிய நான்குக்கும் இந்த ட்யூப் முதல் இரண்டு நாளில் கேட்கும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நோய்கள், ஒரே களிம்புக்கு ஒரே மாதிரி அடங்குகின்றன. சில வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, முன்பு அவற்றைப் பிரித்துக் காட்டிய அடையாளம் எதுவும் அவற்றிடம் இருப்பதில்லை.

மலையின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியும் முன்பே ஜீப்புகள் போடியிலிருந்து கிளம்பி, போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஆட்களை இறக்குகின்றன. தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்தும் இப்படித்தான். ஏலத்துக்கு நிழலும் ஈரமும் வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் காய் எடுப்பு முடிகிற வரைக்கும் அங்கே துணி முழுதாகக் காய்ந்து உடம்பில் ஏறுகிற நாள் குறைவு. மேலே பிளாஸ்டிக் தாள், உள்ளே வியர்வை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா. மடங்கிய தோல், ஈரம், உராய்வு, உடம்புச் சூடு: தோல் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பாவாடை நாடா பதிகிற இடம், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ்மடிப்பு ஆகிய இடங்களில் படர்தாமரை முதலில் தோன்றுவது தற்செயல் அல்ல.

படர்தாமரையை வண்டுகடி என்றும் சொல்வார்கள். பெயரைப் போலவே அதன் வடிவமும் தெளிவானது. வட்டமாக ஆரம்பித்து வெளியே படரும். விளிம்பு சற்றுத் தடித்துச் செதில் விடும். நடுப்பகுதி ஏறக்குறைய ஆறியது போல் இருக்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. பூஞ்சை தோலின் மேல்தட்டில் உள்ள கெராட்டினைத் தின்று வெளிநோக்கி நகர்கிறது. உடம்பு அதை எதிர்க்கிற இடம்தான் விளிம்பு. அரிப்பும் தடிப்பும் அந்த எதிர்ப்பின் விளைவுகள். உடம்பு ஏற்கெனவே பூஞ்சையை ஒடுக்கிவிட்ட இடம் நடு.

அந்தச் சின்ன ட்யூபில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு களிம்பு. அது செய்வது இந்த எதிர்ப்பை நிறுத்துவது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் குறைகின்றன, வெள்ளணுக்கள் பின்வாங்குகின்றன. அரிப்பு நிற்கிறது. பூஞ்சைக்கு ஒன்றும் ஆவதில்லை. தடுப்பார் இல்லாததால் ஆறிய நடுப்பகுதியிலும் அது மறுபடி குடியேறுகிறது. விளிம்பு மங்கி வட்டம் கலைந்து, பழுப்பேறிய ஒரு படையாக அது பரவும்போது, பார்ப்பவர் கரப்பான் என்று நினைத்து இன்னும் வீரியமான ஸ்டீராய்டு எழுதிக் கொடுக்க வாய்ப்பு அதிகம். 1968இலேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதற்கு 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயரிட்டார்கள். மாறுவேடத்தில் திரியும் படர்தாமரை என்று சொல்லலாம்.

வேடம் முழுதாகவும் பொருந்துவதில்லை. களிம்பை விட்டுவிட்டுப் பூசுகிறவர்களிடம் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். பூசும்போது விளிம்பு அடங்குகிறது. நிறுத்தும்போது உள்ளே புதிய விளிம்பு கிளம்புகிறது. வெட்டிய மரத்தின் வளையத்தில் மழைக்காலமும் கோடையும் பதிந்திருப்பது போல, எத்தனை முறை ட்யூப் வாங்கினார்கள் என்பது தோலில் எழுதப்பட்டிருக்கும். இந்த இரட்டை வளையத்தைப் பார்த்ததும், கேட்காமலே ஸ்டீராய்டைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்க்கிற சோதனை மலிவானது. படையின் விளிம்பை மழுங்கிய பிளேடால் மெல்லச் சுரண்டிச் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுகிறார்கள். சில நிமிடங்களில் தோல் செல்கள் கரைந்து மங்குகின்றன. பூஞ்சை இழைகள் கரைவதில்லை. நுண்ணோக்கியில் அவை நிறமற்று, கணுக்கணுவாகக் கிளைத்து, செல்களின் எல்லைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். ஸ்டீராய்டு பூசிய இடத்தில் இழைகள் பெரும்பாலும் தாராளமாகவே கிடைக்கும். கரப்பானில் இழை இருக்காது. ஒன்று கவனிக்க வேண்டும்: பூஞ்சைக்கொல்லிக் களிம்பைப் பூசிவிட்டு உடனே போனால் இழை கண்ணில் படாமல் போகலாம். அதனால் பூசியது எது, கடைசியாக எப்போது என்று சொல்லிவிட்டுத்தான் சோதனைக்கு உட்காரவேண்டும்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஏலக்காயில் அழுகல் விழுந்தால் இந்த ஊரில் யாரும் கைக்கு வந்ததை அடிப்பதில்லை. அழுகிய சரத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். மயிலாடும்பாறையில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் எந்த விகிதத்தில் என்று கணக்குப் பேசுகிறார்கள். செடியின் நோயைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்த ஊர், தன் தொடையில் வந்ததை மட்டும் 'அரிப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த இடம் யாரிடமும் காட்டக்கூடியது அல்ல என்பதும் ஒரு காரணம். தோல் மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலி போகும் என்பது இன்னொன்று.

மறைவிடம் என்பதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் உடம்பின் வெவ்வேறு இடங்களில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு எவ்வளவு உள்ளிறங்குகிறது என்று அளந்தார்கள். முன்கையில் இறங்குவதை 1 என்று வைத்தால் உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, விதைப்பையில் 42. முன்கைக்குக் கேடு செய்யாத களிம்பு தொடையிடுக்கில் வேறு ஒரு மருந்தாகிவிடுகிறது. தோல் மெலிந்து, ஊதாவும் சிவப்புமாகக் கீறல் கீறலாகத் தழும்பு விழுகிறது. பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது போன்ற அந்தக் கோடுகள் இருபது வயது இளைஞனின் தொடையிடுக்கில் இருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. படர்தாமரை குணமான பிறகும் அவை இருக்கும்.

சொறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். களிம்பு பூசினால் அரிப்பு குறைந்து புண்களின் தோற்றம் மாறும், சொறிப்பூச்சி பெருகும். 'வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா' என்ற ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் படர்தாமரையும் ஒரே துண்டு, ஒரே பாய் வழியாக வீடு முழுக்கப் பரவும் என்பதால் மீதிப் பாதியைக் கண்தான் முடிக்க வேண்டும்.

தொடர்பு ஒவ்வாமை இந்த மலைக்கே உரிய சிக்கல். மருந்தடிப்பவரின் முன்கை, கழுத்து, சட்டை மூடாத நெஞ்சு, குழாய் கசிந்து வழிந்த தோள் என்று, பட்ட இடத்தின் வரைபடம் போல அது அமையும். வேலையில்லாத நாட்களில் தணிந்து, மறுபடி மலையேறினால் கூடும். படர்தாமரை விடுமுறை பார்ப்பதில்லை. கீழே ஊரில் காய் பொறுக்கும் பெண்களுக்கு வரும் விரல்வெடிப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். தூசியும் உராய்வும் பெரும்பாலும் காரணமாகலாம். ஆனால் ஏலக்காயே ஒவ்வாமையாவதும் உண்டு. நாள்பட்ட கைக்கரப்பான் இருந்த ஓர் இனிப்புத் தயாரிப்பாளருக்கு ஒட்டுச் சோதனையில் ஏலக்காய் ஒத்துக்கொள்ளாதது தெரியவந்ததை 1975இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது.

களிம்பே ஒவ்வாமையாவதுதான் இதில் நுட்பமான கண்ணி. வீட்டுக்கு வீடு கிடக்கும் 'என்' எழுத்துப் போட்ட பழைய ட்யூப்களில் ஸ்டீராய்டோடு நியோமைசின் இருக்கிறது. நியோமைசின் பலருக்கு ஒவ்வாத பொருள். ஒரே ட்யூபில் ஒன்று ஒவ்வாமையை மூட்டுகிறது, மற்றொன்று அதை அமுக்குகிறது. பூசுகிறவரை தோல் ஒருவாறு இருக்கும், நிறுத்தினால் கொதிக்கும், மறுபடி பூசுவார். சிலருக்கு ஸ்டீராய்டு மூலக்கூறே ஒத்துக்கொள்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுச் சோதனை வைத்துக் காத்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு தன் விளைவைத் தானே அமுக்கிக்கொள்வதால் வழக்கமான நான்காம் நாளோடு விடாமல் ஏழாம் நாள் வாக்கிலும் பார்க்கிறார்கள்.

இனி மிகக் கடினமான பகுதி. பல மாதம், சில சமயம் பல வருடம் பூசியவர் நிறுத்துகிறார். சில நாள் முதல் சில வாரத்துக்குள் தோல் எரியத் தொடங்குகிறது. இது பழைய கரப்பான் திரும்புவதா, களிம்பை விட்டதன் எதிர்வினையா? கிளிக்மன், ஃப்ராஷ் ஆகியோர் 1979இலேயே 'ஸ்டீராய்டு அடிமைத்தனம்' என்று எழுதினார்கள். அமெரிக்க எக்ஸிமா சங்கம் முன்னெடுத்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு இதை இரண்டு வகையாகப் பிரித்தது: சிவந்து வீங்குவது ஒன்று, பருவும் கொப்புளமும் கிளம்புவது மற்றொன்று. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 செப்டம்பரில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இப்படி ஒன்று தனியாக உண்டா, எல்லாமே பழைய கரப்பானின் சீற்றம்தானா என்ற வாதம் தோல் மருத்துவர்களிடையே இன்னும் ஓயவில்லை. 2025இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், களிம்பை விட்டவர்களின் தோல் செல்களில் மைட்டோகாண்ட்ரியா வழக்கத்துக்கு மாறாகச் செயல்பட்டு என்ஏடி என்ற மூலக்கூறு மிகுந்திருப்பதைக் காட்டிய பிறகு, 'தனி நோய்' என்போர் பக்கம் எடை கூடியிருக்கிறது.

நடைமுறையில் பிரிப்பது எப்படி? நோயாளி சொல்லும் வினைச்சொல்லைக் கவனிக்கலாம். கரப்பான்காரர் 'அரிக்குது' என்பார். விட்டதன் எதிர்வினையில் 'எரியுது', 'காந்துது' என்ற சொல் முன்னால் வரும். கரப்பான் தன் பழைய இடங்களுக்கு, முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும், திரும்பும். எதிர்வினை களிம்பே படாத இடத்துக்கும் தாவும். கை முழுக்கச் சட்டைக்கை மாட்டியது போலச் சிவந்து, மணிக்கட்டில் கோடு போட்டாற்போல் நிற்கும், உள்ளங்கை தப்பிவிடும். முகம் சிவந்திருக்க மூக்கும் வாயைச் சுற்றிய இடமும் வெளிறி நிற்பதும் உண்டு. இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. எத்தனை மாதம், எந்த வீரியம், எந்த இடம், நிறுத்தி எத்தனை நாள் என்ற காலக்கணக்கைச் சேர்த்தே சொல்ல முடியும்.

இந்தச் 'சிவப்பு' என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்குத் தயக்கம். பாடநூல் படங்களில் இருக்கும் சிவப்பு வெள்ளைத் தோலின் சிவப்பு. நம் தோலில் அது கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் வெறும் கருமையாகவே தெரியும். ஸ்டீராய்டுகளின் வீரியத்தை வரிசைப்படுத்த 1962இல் மெக்கென்சியும் ஸ்டௌட்டனும் வகுத்த முறையே, பூசிய இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான். மலை வெயிலில் கறுத்த முன்கையில் அந்த வெளுப்பும் தெரியாது, சிவப்பும் தெரியாது. தொட்டால் சூடு, லேசான வீக்கம், எரிச்சல், தோலின் பளபளப்பு ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

முகத்தில் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. மங்குக்காகவும் நிறம் மாறவும் பூசும் முக்கூட்டுக் களிம்பின் மூலம் கிளிக்மன் 1975இல் சொன்ன சேர்மானம்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன். இந்தியாவின் 12 மையங்களில் முகத் தோல் கோளாறோடு வந்த 2926 பேரைப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433இல் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் மருத்துவர் அல்ல. அக்கம்பக்கம், உறவு, கடைக்காரர், அழகு நிலையம் என்று பட்டியல் நாம் ஊகிக்கக்கூடியதே. முதல் வாரம் முகம் தெளியும். "எங்கக்கா போட்டுச்சு, நல்லா வெளுத்துச்சு" என்று ட்யூப் அடுத்த வீட்டுக்குப் போகும். பிறகு பருக்கள் வரும். சாதாரணப் பருவில் கருமுனை, வெண்முனை, சீழ்ப்பரு, ஆறிய வடு என்று எல்லாப் பருவமும் கலந்து கிடக்கும். ஸ்டீராய்டுப் பரு எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல, ஒரே வயதில் இருக்கும். வாயைச் சுற்றி வரும் பொரி உதட்டை ஒட்டி மெல்லிய ஒரு வளையத்தை மட்டும் விட்டுவைக்கும். மெலிந்த தோலின் அடியில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரியும். கன்னத்தில் பூனைமயிர் அடரும். வெயில் பட்டால் காந்தும். இந்த நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008இல் 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்ற பொருளில் தனிப்பெயரே வைத்துவிட்டார்கள்.

வெளுத்த படையில் தவறினால் இழப்பு பெரிது. நாள்பட்டுப் பூசிய இடம் நிறம் குறையும். தேமலும் வெளிறும், வெண்புள்ளியும் வெளுக்கும், தொழுநோயின் படையும் நிறம் மங்கும். தேமலை நகத்தால் சுரண்டினால் மாவு போல் உதிரும். வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளை, எல்லை தெளிவு. ஸ்டீராய்டு வெளுப்பு பூசிய இடத்தோடு நிற்கும். நிறுத்தினால் பெரும்பாலும் மாதக்கணக்கில் நிறம் திரும்பும். தொழுநோயில் உணர்ச்சி குறையும். கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சுத் திரியாலோ பேனா முனையாலோ மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். படையின் மேல் தொட்டதை மட்டும் அவர் காட்டாவிட்டால் மற்றப் பேச்சுக்கு இடமில்லை. முகத்தில் நரம்புகள் நெருங்கியிருப்பதால் அங்கே உணர்ச்சி இருந்தாலும் தொழுநோய் இல்லை என்று விட்டுவிட முடியாது. முழங்கைக்குப் பின்னே ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 'வெயில் தேமல்' என்று ட்யூப் பூசிக் கழித்த மாதங்களில் நரம்பு சேதமானால் அதை எந்த மருந்தும் முழுதாக மீட்டுத் தருவதில்லை.

ஸ்டீராய்டு களிம்பை விஷம் என்று நான் சொல்லவில்லை. சல்ஸ்பெர்கரும் விட்டனும் 1952இல் முதல் களிம்பைப் பற்றி எழுதியபோது, தூக்கமின்றிச் சொறிந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான கரப்பான் நோயாளிகளுக்கு அது விடுதலை. இன்றும் அப்படித்தான். உண்மையான கரப்பானுக்கு, சரியான வீரியத்தில், விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அரை கிராம் இரண்டு உள்ளங்கையளவுத் தோலுக்கு என்ற கணக்கில், குறித்த நாள் பூசினால் அதற்கு ஈடில்லை. பயந்துபோய் மருத்துவர் எழுதியதையும் பூசாமல் குழந்தையைச் சொறியவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். நாள்பட்டுப் பூசியவர் இதைப் படித்துவிட்டு நாளையே ட்யூபைத் தூக்கி எறிவதும் வேண்டாம். எப்படி இறக்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்பு மருந்துகளை அட்டவணை எச்-இல் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. க்ளோபெட்டசாலோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளையும் ஒரு பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்த கலவையும் அதில் போனது. ஆனாலும் கலவைக் களிம்புகள் அலமாரியை விட்டுப் போகவில்லை. இதனிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. வழக்கமான டெர்பினஃபினுக்கு அடங்காத இந்திய வகைக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் 'டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். 2023இல் நியூயார்க்கில் அது இரண்டு பெண்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர். மருந்துக்கு அடங்காத பூஞ்சையும் அதை ஒளித்து வளர்க்கும் ட்யூபும் இந்தியாவில் ஒரே காலத்தில் பெருகின. முன்பு இரண்டு வாரத்தில் தீர்ந்த படர்தாமரை இன்று மாதக்கணக்கில் இழுக்கிறது.

க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு எந்தத் தோல் மருத்துவரிடமோ போகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டியது, இதுவரை பூசிய எல்லா ட்யூபும். பெரும்பாலும் அவை பற்பசை போல அடியிலிருந்து சுருட்டப்பட்டிருக்கும். கம்பெனிப் பெயர் சுருளுக்குள் போயிருக்கும். சுருளைப் பிரித்து, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் என்று 'சோன்' என முடிந்தால் ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், கீட்டோகோனசோல் என்று 'சோல்' என முடிந்தால் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி. க்ளோபெட்டசால் காதுக்குப் பூஞ்சைக்கொல்லியின் பங்காளி போலத்தான் ஒலிக்கும். அது ஹைட்ரோகார்ட்டிசோனைப் போலப் பல நூறு மடங்கு வீரியமுள்ள ஸ்டீராய்டு. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்ற மருந்து. க்ளோபெட்டசாலும் க்ளோட்ரிமசோலும் ஒரே ட்யூபில், அடுத்தடுத்த வரியில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருப்பதும் உண்டு.